வடக்குச் சுவருக்குப் பூச்சு

காட்டூரில் எங்கள் வீட்டுக்குச் சுவர் எழும்பி ஒரு வருஷமாகிறது. பூச்சு மட்டும் இல்லை. யுத்தம் வந்ததிலிருந்து சிமென்ட் கண்ணிலேயே படுவதில்லை. அரைத்து வைத்திருந்த சுண்ணாம்புச் சாந்தும் கொஞ்சம்தான். கொத்தனார் நல்லதம்பி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தெருச்சுவரு மட்டும்னா கண்ணாடியாட்டம் தேய்ச்சுத் தரேங்க. வடக்குச் சுவரும் வேணும்னா, பெருமணல் கலந்து ரெண்டுலயும் வீசியடிச்சு அப்படியே விட்டுரணும். சொரசொரன்னு இருக்கும். ஆனா தண்ணி எறங்காது."

"தெருச்சுவரைத் தேய்ச்சுடுங்க," என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை லால்குடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அப்பாவுக்குத் தெருப்பக்கம்தான் வீடு. வடக்கு அறையில் படுப்பவள் அம்மா. போன ஐப்பசியில் சாரல் செங்கல் வழியே இறங்கிப் பாய் வரைக்கும் ஈரம். அவளுக்கு இழுப்பு தை வரை நிற்கவில்லை. இன்னொரு ஐப்பசியைத் தாங்குவாளா, தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான். நான் பேசினால் மட்டும் யாருக்கும் காது கேட்காது.

"வர்றவங்க சுவரையா கட்டிக்கப் போறாங்க? அம்மா மூச்சு விட வேணாமாப்பா?"

"சும்மா இரு. பி.ஏ. படிச்சுட்டா கொத்து வேலையும் தெரிஞ்சுடுமா?"

"வடக்க மழை அடிக்கும்னு தெரிய பி.ஏ. வேணாம்."

"காலங்கார்த்தால ஆரம்பிச்சாச்சா ரெண்டு பேரும்?" என்று உள்ளேயிருந்து அம்மா சொல்லி முடிப்பதற்குள் இருமல்.

அப்பாவுக்குக் குரல் ஏறிவிட்டது. "அம்மை வாத்த மூஞ்சியாட்டம் சுவரு இருந்தா எவன்டீ வாசப்படி ஏறுவான்?"

சொன்ன பிறகுதான் என் பக்கம் திரும்பினார். சின்ன வயதில் எனக்கு வார்த்தது பெரியம்மை. கன்னம், நெற்றி, மூக்கு நுனி, எதையும் விடவில்லை. நல்லதம்பி குனிந்து, கிளறிய சாந்தையே மறுபடி கிளறினார்.

அழ எனக்குத் தெம்பில்லை. கத்தவும் இல்லை. "அந்த மூஞ்சியைத்தானே பாக்க வராங்க," என்றேன். "சுவரைப் பாத்து ஏறுனவன் என்னைப் பாத்ததும் இறங்கிடுவான்ப்பா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். மன்னிப்பு கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கிடையாது.

"வடக்கால ஆரம்பிங்க கொத்தனாரே. பெருமணலே போடுங்க," என்றார், செங்கல்லைப் பார்த்துக்கொண்டு.

முதல் கரண்டிச் சாந்து சுவரில் அறைந்தது. ஜெயித்த மாதிரி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் நான்தான் எடுக்க வேண்டும். புடவையில் சுண்ணாம்பு தெறிக்காமல் ஒதுங்கி, பஸ்ஸுக்கு நடந்தேன்.