நாலு மணி வேட்டு

சித்திரைத் திருவிழாவில் அம்மன் தோட்டத்தின் கீழ் டிவிஷன் ஆற்றங்கரையிலிருந்து லாரியில் மேலே கோயிலுக்கு வருவாள். நடுவில் ஒரு மலை முகடு. மேலே நடப்பது கீழே தெரியாது. அதனால் நாலு மணிக்குப் பூசாரி மணி அடித்ததும் கோயில் வாசலில் மூன்று வேட்டு போட வேண்டும். மூன்றும் கேட்ட பிறகுதான் லாரி நகரும். தோட்டத்தில் தேயிலை நட்ட காலத்து ஏற்பாடு இது. நாலு மணிக்கு மழை பெய்வதும் அதே அளவு பழைய ஏற்பாடு.

வேட்டுப் போடுகிறவர் தொழிற்சாலை ஃபிட்டர் ரெங்கசாமி. போன வருஷம், 1976-இல், மூன்று இரும்புக் குழாய்களிலும் வெடிமருந்து நனைந்துபோனது. அம்மன் ஆறரை மணி வரை தார்ப்பாய்க்கு அடியில் காத்திருந்தாள். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவும் கோயில் செயலாளருமான தங்கராஜு கிராணி அதை மறக்கவில்லை.

"இந்த வருஷமும் புஸ்ஸுன்னு போச்சுன்னா அடுத்த வருஷம் கேசட்டுதான். வேட்டுச் சத்தத்தைப் பதிஞ்சு ஸ்பீக்கர்ல போட்டா ஆச்சுலா. நீ வந்து சாமி கும்பிட்டுட்டுப் போகலாம்."

மருந்து நனையாமல் இருக்க வழி கேட்டு ரெங்கசாமி பள்ளிக்கூட வாத்தியார் சிவலிங்கத்திடம் போனார். வாத்தியார் சரித்திரப் புத்தகம் ஒன்றை விரித்தார்.

"பழைய துப்பாக்கியும் உங்க குழாயும் ஒரே குடும்பம். மழை வந்தா ரெண்டும் வெறும் இரும்பு. அதனால மருந்து வைக்கிற கிண்ணிக்கு மூடி போட்டாங்க. இடுக்குல மெழுகு தடவினாங்க. குழாய் வாயை அடைச்சாங்க. மேல எண்ணெய் ஊறின மாட்டுத் தோலைச் சுத்தினாங்க."

"அம்மன் வாசல்ல மாட்டுத் தோலா, சார்?"

"நீங்க அடிக்கிற தப்பு மேளம் என்ன தோல்?"

"அது அடிக்கிறதுக்கு, சார். இது மூடுறதுக்கு."

வாத்தியார் புத்தகத்தை மூடினார்.

தோட்டத்துத் தேயிலை மழையில் லாரி ஏறிக் கடலைக் கடக்கிறது. நமத்துப்போவதில்லை. ரெங்கசாமி தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் வெள்ளித்தாளை வெட்டிக் குழாய்களுக்குக் குல்லா செய்தார். திரித் துளைக்குப் பால்மாவு டின் தகரத்தில் மூடி, இடுக்கில் மெழுகு. மருந்துக்குப் பதில் கோதுமை மாவை அடைத்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தார். மனைவி அம்சவல்லி துண்டோடு வெளியே நின்றாள்.

"குழாய் குளிச்சு முடிச்சா சொல்லுங்க."

மாவு காய்ந்தே இருந்தது.

திருவிழா அன்று மூன்றரைக்கு மழை பிடித்தது. நாலுக்கு மூன்று நிமிஷம் இருக்கையில், வாத்தியார் குடை பிடிக்க, ரெங்கசாமி நெருப்போடு குந்தி மணிக்காகக் காத்திருந்தார். முகட்டுக்கு மேல் இடி இடித்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு மூன்றாவது. கீழே லாரியின் ஹாரன் கேட்டது, மேளம் கேட்டது. அம்மன் கிளம்பிவிட்டாள்.

கோயிலுக்குள் இருந்த தங்கராஜு வெளியே வந்தார்.

"மூணும் சுத்தமா விழுந்துச்சுய்யா. இந்த மழையில. கேசட்டெல்லாம் வேணாம், நீயே போடு."

ரெங்கசாமி வாயைத் திறந்தார்.

"நல்ல சத்தம்," என்றார் வாத்தியார்.

ரெங்கசாமி வாயை மூடிக்கொண்டார்.

லாரி வந்தது. தீபாராதனை முடிந்தது. மழை நிற்கவில்லை. வேட்டு உரிமை கையில் இருந்தது. ஆனால் குல்லா வேலை செய்ததா என்பது மட்டும் தெரியவில்லை. ஆறு மணிவரை பொறுத்தார். பிறகு போய் மூடிகளை நீக்கித் திரிகளைப் பற்றவைத்தார்.

மூன்றும் வெடித்தன. லாரி டிரைவர் சர்க்கரைப் பொங்கலைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"என்னய்யா இது, மூணுதானே கணக்கு?" என்றார் தங்கராஜு.

"மருந்து மிச்சம் இருந்துச்சு, அண்ணே. நனைஞ்சிருக்குமோன்னு பார்த்தேன்."

மறு வருஷத் திருவிழா நோட்டீஸில், வழக்கம்போல் ஆறு வேட்டு போடப்படும் என்று அச்சாகியிருந்தது.