உயரம் விசாரிக்க வந்தவள்

பள்ளியில் கால்பந்து சொல்லிக்கொடுக்கிற ஷமீலா டீச்சர் கடைக்கு வந்து சைபுதீனை எழுந்து நிற்கச் சொன்னாள் என்று கேட்டதிலிருந்து அவன் மனைவி நசீபாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நின்னேன். மேலயும் கீழயும் பார்த்தா. சரின்னு சிரிச்சுட்டுப் போய்ட்டா," என்றான் சைபுதீன், மத்தி முள்ளை ஒதுக்கிக்கொண்டே. பஜாரில் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவன். யார் எது சொன்னாலும் செய்துவிட்டுத்தான் யோசிப்பான்.

"எதுக்குன்னு கேக்கலியா நீங்க?"

"மழை நேரம், கடை நிறைய ஆளு. பின்னே, நம்ம பாலக்காட்டுப் புள்ள. நம்ம தமிழு பேசுது. என்ன தப்பாக் கேட்டுடப் போகுது?"

அதுதான் நசீபாவுக்கு உறுத்தியது. வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பாள். நம்ம ஆள் என்றால்தானே பெண் கேட்டு வர முடியும்?

ஏற்கெனவே அவளுக்கு அந்த டீச்சர் மேல் சந்தேகக் கண் உண்டு. எங்கோ ஒரு அரசுக் கல்லூரியில் வேலையாம். அது போதாதென்று இரண்டு வருஷமாக விடியற்காலையில் மட்டாஞ்சேரிக்கு வந்து, பள்ளி மைதானத்தில் பெண்பிள்ளைகளை ஓடவிடுகிறாள். முட்டை தருகிறாள், நேந்திரம்பழம் தருகிறாள், பூட்ஸ் தருகிறாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ரஹீனா கோல்கீப்பர் என்பதால் அவளுக்குக் கையுறை வேறு. இந்த ஊரில் சும்மா கிடைப்பது மழையும் கொசுவும்தான் என்பது நசீபாவின் கட்சி. இதற்கெல்லாம் ஒருநாள் பில் வரும் என்று அவள் காத்துக்கொண்டே இருந்தாள்.

காத்திருக்கக் காரணம் இருந்தது. பாலக்காட்டில் அவள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தபோது, ஆடு விலைக்கு இருக்கிறதா என்று கேட்டு ஒரு பெண்மணி வந்தாள். வந்தவள் ஆட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தா என்ன உயரம், வீட்டில் யாருக்காவது தீராத நோவு உண்டா என்று சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டுப் போனாள். அடுத்த பெருநாளுக்கு நசீபா மட்டாஞ்சேரியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சைபுதீனைக் குறை சொல்ல முடியாது, தங்கமான மனுஷன். ஆனால் டீச்சராக வேண்டும் என்று இருந்த ஆசை அந்தப் பாதிப் படிப்போடு போயிற்று. அந்த ஆட்டுக்காரியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மகளை ஒரு பட்டம் வாங்கவைக்காமல் எவள் கண்ணிலும் காட்டுவதில்லை என்று அவள் பிறந்த அன்றே முடிவுகட்டியிருந்தாள். இதை மகளிடம் அவள் சொன்னதேயில்லை.

மறுநாள் சாயங்காலம் ஷமீலா வீட்டுக்கே வந்துவிட்டாள். ரஹீனா டியூஷனுக்குப் போயிருந்த நேரம். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறாளே என்று நசீபா அதையும் கணக்கில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், கீழே சந்தில் பைக்கைச் சாய்த்துக்கொண்டு ஒரு வாட்டசாட்டமான இளைஞன். அவனும் சரியாக அந்த நேரம் பார்த்து மேலே நிமிர்ந்தான்.

"அதாரு டீச்சர், கீழ?"

"நம்ம யூசுப். நல்ல பையன்க்கா," என்று உட்கார்ந்தாள் ஷமீலா.

நல்ல பையனாம்! இவள் தம்பியாகத்தான் இருக்கும். நசீபா சாயா போடப் போனாள். சாயா கொதித்ததோ இல்லையோ, அவள் நன்றாகக் கொதித்தாள்.

"அக்கா, நீங்களே நல்ல உசரம். உங்க கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தம்பி. வல்லார்பாடத்துல கிரேன் ஓட்டறான்."

"அவரும் உசரமா?"

தம்பி அல்தாஃப் வாசல் நிலையில் தலை இடிக்காமல் இந்த வீட்டுக்குள் வந்ததே கிடையாது. "குட்டை," என்றாள் நசீபா.

ஷமீலாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. இன்னும் பக்கத்தில் நகர்ந்து வந்து குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நினைக்காதீங்க. ரஹீனா பெரியவளாகி எத்தனை வருஷமாச்சு?"

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நசீபா வாய்க்கு வந்த ஒரு வருஷத்தைச் சொன்னாள்.

"பெரிய நோவு ஏதாச்சும் வந்திருக்கா, சின்னதுலேர்ந்து?"

பெண் கேட்டு வருகிறவர்களைத் திருப்பியனுப்ப இதைவிட நல்ல வழி கிடையாது. அன்றைக்குத் தன் அம்மா சொல்லாமல் விட்ட பொய்யை இன்று சொல்லிவிடுவது என்று அவள் துணிந்தாள்.

"இழுப்பு இருக்கு டீச்சர். மழை வந்தாப் போதும், மூச்சு விட முடியாது. ராப்பூரா உக்காந்தே கெடப்பா. வெளிய சொல்றதில்ல."

ஷமீலா தம்ளரைக் கீழே வைத்தாள். பாதி சாயா அப்படியே இருந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா," என்று எழுந்தாள். "சரி. எங்க ஆளுங்ககிட்ட பேசிட்டுச் சொல்றேன்."

ஆட்டுக்காரி சொன்ன அதே வார்த்தை. பைக் சந்து திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நசீபா மீதிச் சாயாவைத் தொட்டியில் கொட்டினாள். அன்று இரவு அவளுக்கு நிம்மதியான தூக்கம்.

அந்த வாரமே ரஹீனா விடியற்காலையில் எழுந்திருப்பதை நிறுத்தினாள். கையுறையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "இனி போகண்டாம்மா," என்றுவிட்டுப் புத்தகத்தை விரித்தாள்.

நசீபாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. பெண் கிடைக்காது என்றதும் பிள்ளையைத் துரத்தியடிக்கிறாளா? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மைதானத்துக்கு நடந்தாள். சேறும் சகதியுமாகப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கோல் வலைக்கு முன்னால் பக்கத்துச் சுள்ளிக்கல் பகுதிப் பெண் ஒருத்தி விழுந்து விழுந்து பந்து பிடித்தாள். ரஹீனா நிற்கிற இடம் அது.

"உங்க தம்பிக்குப் பொண்ணு குடுக்கலேன்னா எம்புள்ளைய வெளிய தள்ளுவீங்களா டீச்சர்?"

ஷமீலா விசிலை வாயிலிருந்து எடுத்தாள். "யாரு தம்பி? எனக்குத் தம்பியே கிடையாதேக்கா."

"அந்த யூசுப்பு?"

"அவர் கீப்பர் கோச். ரெண்டு குழந்தைக்கு வாப்பா."

அப்புறம் அவள் விவரமாகச் சொன்னாள். அவள் வேலை பார்க்கிற கல்லூரியின் அணிக்கு இதுவரை வெளியூரிலிருந்துதான் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். இனிமேல் இங்குள்ள பள்ளிகளிலேயே தேடி, பிளஸ் டூ வரை பயிற்சி கொடுத்து, கல்லூரியில் இடமும் கொடுத்துச் சேர்த்துக்கொள்வது என்று திட்டம். படிப்புச் செலவு முழுக்க அவர்களுடையது. கோல்கீப்பர்களில் ஒருத்திக்குத்தான் இடம்.

"கீப்பருக்கு உசரம் வேணும்க்கா. இன்னும் வளருவாளான்னு தெரியணும்னா அப்பா, அம்மா, மாமனைப் பார்க்கணும். பெரியவளான வருஷமும் தெரியணும். முன்னாடியே சொல்லி நீங்க ஆசை வெச்சு ஏமாந்துடக் கூடாதுன்னுதான் சொல்லலை."

"இழுப்பு இல்ல டீச்சர்," என்றாள் நசீபா. "நான் பொய் சொன்னேன். தம்பி ஆறடிக்கு மேல."

ஷமீலா விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டாள். "அன்னிக்குச் சொன்னது பொய்யா, காலேஜ் சீட்டுன்னதும் இப்பச் சொல்றது பொய்யா? வீட்டுல நோவை மறைச்சு வெளையாட விட்ட ஒரு புள்ள என் கண்ணு முன்னால மயங்கி விழுந்திருக்குக்கா. உங்க பேச்சை மட்டும் நம்பியும் நான் முடிவு பண்ணலை. ரெண்டு வருஷமா மழையில ஓடறா, ஒரு நாள் மூச்சு வாங்கினதில்லை. அதான் அவளையே கூப்பிட்டுக் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"கையுறையைக் கழட்டினா. அப்புறம், அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர்னா."

நசீபாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பெற்ற தாய் பொய்க்காரி என்று ஆகக் கூடாதென்று, கையிலிருந்த இடத்தை அந்தப் பிள்ளை கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. வந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உருண்டு வந்த பந்தை ஷமீலா காலால் நிறுத்தினாள். சுள்ளிக்கல் பெண்ணிடம் சொல்லியாகிவிட்டது, ஆனால் பேரை இன்னும் கல்லூரிக்கு அனுப்பவில்லை என்றாள். நாளைக் காலை ரஹீனா டாக்டரிடம் மூச்சுப் பரிசோதனை செய்துகொண்டு வரட்டும், இருவரையும் கோல் வலைக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கலாம், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றாள்.

நசீபா மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தாள். ரஹீனா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொடியிலிருந்த கையுறை மழைக் காற்றில் காயவேயில்லை. அதை எடுத்து மகள் மடியில் வைத்தாள்.

"ஏன்டீ ஆமான்னு சொன்னே?"

ரஹீனா கத்தியைக் கீழே வைத்தாள். "நான் வெளையாடப் போறது பிடிக்கலேன்னா நேராச் சொல்லியிருக்கலாமேம்மா. நிறுத்தியிருப்பேன். எதுக்கு எனக்கு சீக்கு வெச்சே?"

நசீபா வெங்காயத் தோலைக் கூட்டிக் குவித்தாள். ஆட்டுக்காரியிலிருந்து ஆரம்பிப்பதா, பைக்கிலிருந்து ஆரம்பிப்பதா? வாயில் வந்தது வேறு.

"காலைல வெள்ளெனக் கெளம்பு. டாக்டர்கிட்டப் போயிட்டு கிரவுண்டுக்குப் போலாம். நானே கூட்டிட்டுப் போறேன்."

ரஹீனா கையுறையைத் தொடவில்லை. அம்மாவின் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். ஊரில் எல்லோரையும் நசீபா பார்க்கிற அதே சந்தேகப் பார்வை.

"எதுக்கு?" என்று கேட்டாள்.