வராத முனகல்

இங்கிலாந்தில் ஹார்ட்டன்பி என்ற ஊரில் ஒருவர் சிலேடை சொன்னால் கேட்பவர் சிரிக்கக் கூடாது. சிரித்தால், போனால் போகிறது என்று பிச்சை போட்டதாக அர்த்தம். நல்ல சிலேடைக்கு முனக வேண்டும். கண்ணை இறுக மூடி, நெற்றியில் கையை வைத்து, பல்வலிக்காரர் மாதிரி அடிவயிற்றிலிருந்து "ஓ..." என்று ஒரு முனகல். யார்க்‌ஷயரின் அந்த மூலையில் ஒரு மனிதருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை அதுதான்.

மீன்கடை டெஸ்மண்ட் ஹாலம் அந்த மரியாதையை இருபத்தாறு வருஷமாக அனுபவித்து வந்தவர். சனிக்கிழமை தோறும் கடை வாசலில் கரும்பலகையை நிறுத்தி சாக்பீஸால் புதிதாக ஒன்று எழுதுவார். சோல் என்று ஒரு தட்டை மீன். ஆன்மாவுக்கும் ஆங்கிலத்தில் அதே ஓசை. 'எங்கள் சோல் எல்லாவற்றையும் விற்றுவிட்டோம், திங்கட்கிழமை வேறு வரும்' என்று அவர் எழுதிய வாரம் பாதிரியாரே வாசலில் நின்று முனகினார். ஆனால் டெஸ்மண்டுக்கு யார் முனகினாலும் முதல் முனகல்தான் முக்கியம். அது அவர் மனைவி ஹேசலுடையது. கடைக்குள் வருமுன் பலகையைப் படித்து, "ஓ, டெஸ்" என்று முனகிவிட்டுத்தான் மேலங்கியைக் கழற்றுவாள். அதைக் கேட்டால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி.

போன வருஷக் கடைசியில் எதிர்ச்சாரியில் க்ளைவ் பார்ட்ரிஜ் என்பவன் ரொட்டிக்கடை திறந்தான். ஐம்பது வயது, கல்யாணம் ஆகாதவன், தலையில் ஒரு முடிகூடக் கொட்டவில்லை. இது போதாதென்று அவனும் வாசலில் ஒரு கரும்பலகையை வைத்தான். ஆரம்பத்தில் அவன் எழுதியதெல்லாம் சகிக்கவில்லை. படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். டெஸ்மண்டுக்கு ஒரே குஷி. பெரிய மனசோடு தெருவைத் தாண்டிப் போய், போகப் போகச் சரியாகிவிடும் என்று ஆறுதல்கூடச் சொன்னார்.

சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட வேண்டியதுதான். ஏப்ரலில் நிஜமாகவே சரியாகிவிட்டது. எதிர்ச்சாரியிலிருந்து சனிக்கிழமை காலைகளில் முனகல் கேட்க ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு, மே மாதத்துக்குள் ரொட்டி வரிசை முழுக்க முனகிக்கொண்டு நின்றது. அதே மே மாதத்தில்தான் ஹேசல் டெஸ்மண்டின் பலகையைப் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் புன்னகைத்தாள்.

புன்னகை! அதற்கு அவள் செவிட்டில் ஒன்று விட்டிருக்கலாம். அன்று முழுக்க டெஸ்மண்டுக்குக் கை ஓடவில்லை. ஹேடக் கேட்டவருக்குக் காட் மீனை வெட்டிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் அவருடைய கண் மீனில் இல்லை, எதிர்க்கடைக் கண்ணாடியில்தான் இருந்தது. ஒரு ரொட்டி வாங்கிவர ஐந்து நிமிஷம் போதும். ஹேசலுக்கு அரைமணி ஆயிற்று. ஒரு சனிக்கிழமை, அவள் மேஜைமேல் சாய்ந்துகொண்டு ஏதோ சொல்ல, க்ளைவ் நெற்றியில் அடித்துக்கொண்டு முனகியது தெருவைத் தாண்டிக் கேட்டது. தன் ஜோக்குக்குத் தானே முனகுகிறான், வெட்கங்கெட்டவன் என்று டெஸ்மண்ட் பல்லைக் கடித்தார். திரும்பி வந்தபோது ஹேசலின் கன்னம் சிவந்திருந்தது, சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. கல்யாணமான புதிதில் தன்னைப் பார்த்துச் சிவந்த அதே கன்னம். இத்தனை நேரம் என்ன செய்தாய் என்று கேட்டார். ரொட்டி வாங்கினேன் என்றாள். அந்த ரொட்டியை அவர் தொடவில்லை.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஊர் பப்பில் முனகல் போட்டி. ஆளுக்கு ஒரு சிலேடை. பப்காரி பிரெண்டா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு யாருக்கு முனகல் பெரிது என்று தீர்ப்புச் சொல்வாள். யாராவது சிரித்தால் மார்க் குறையும். பரிசு ஒரு ஜாடி வெங்காய ஊறுகாய். டெஸ்மண்ட் ஐந்து தரம் ஜெயித்தவர். இந்த முறை அவருக்கு ஜாடி வேண்டாம். ஹேசலிடமிருந்து ஒரே ஒரு முனகல் வந்தால் போதும்.

அவர் தன்னுடையதைச் சொன்னார். கூட்டம் மரியாதையாக முனகியது. ஹேசலைப் பார்த்தார். புன்னகைத்தாள்.

அடுத்து க்ளைவ் எழுந்தான். பூவும் மைதாவும் அங்கே ஒரே ஓசை, ஃப்ளவர். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

"கல்யாண நாளுக்குப் பொண்டாட்டி ஃப்ளவர் கேட்டா. ஒரு மூட்டை எறக்கிட்டேன். இப்ப மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா, ஆனா கேக் நல்லா உப்பி வருது."

கூரை இடிந்து விழுகிற மாதிரி முனகினார்கள். பிரெண்டா காதிலிருந்து கையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். டெஸ்மண்டுக்குள்ளேயும் அது அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்துவிட்டது. பீரை ஒரு மடக்குக் குடித்து அதை உள்ளே தள்ளினார். செத்தாலும் இவனுக்கு முனகுவதில்லை. நிமிர்ந்தபோது ஹேசல் க்ளைவைப் பார்க்கவில்லை. இவரைத்தான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தோற்பதை ரசிக்கிறாளா, இரு என்று கையைக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி 'ஹஹ்' என்று சின்னதாகச் சிரித்து வைத்தார்.

ஹேசல் தலையைக் குனிந்துகொண்டாள்.

சிரிப்புக்கு மார்க் குறைத்தும் க்ளைவ்தான் ஜெயித்தான். ஜாடியை வாங்கியவன் தன் மேஜைக்குப் போகாமல் நேராக வந்து ஹேசல் முன்னால் வைத்தான்.

"இது எனக்குச் சேர வேண்டியதில்லை," என்றான். "ஏப்ரல்லேர்ந்து என் பலகையில வந்ததெல்லாம் ஹேசல் சொன்னதுதான். இன்னிக்குச் சொன்னதும். நான் சும்மா சாக்பீஸ் பிடிச்சவன்."

பப் முழுக்க மேஜையைத் தட்டியது. கல்யாணமே ஆகாதவனுக்குப் பொண்டாட்டி ஜோக் எங்கிருந்து வந்தது என்று டெஸ்மண்டுக்கு அப்போதுதான் உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டு அன்றைக்கு க்ளைவ் முனகியது யாருக்கு என்பதும் உறைத்தது. அந்தக் கன்னச் சிவப்பும்.

சத்தம் அடங்கியதும் அவர் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேனே, டெஸ். நம்ம கடை திறந்த வருஷம், பலகைக்குன்னு ஆசையா ஒண்ணு யோசிச்சு வந்து சொன்னேன். நல்லா இருக்கு கண்ணுன்னு சிரிச்சே. அதுக்கப்புறம் சொல்லத் தோணலை."

அவருக்கு நினைவில்லை. எத்தனை யோசித்தும் அந்த நாள் கிடைக்கவில்லை.

"க்ளைவ்கிட்ட சொன்னப்போ, அந்த ஆளு ரொட்டி நறுக்கறதை நிறுத்திட்டு முனகினாரு," என்றாள் ஹேசல். "இருபத்தாறு வருஷத்துல எனக்கு மொத தடவை. இன்னிக்கு அது உன்கிட்டேர்ந்து வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ மறுபடியும் சிரிச்சுட்டே."

டெஸ்மண்ட் வாயைத் திறந்தார். விழுங்கி வைத்திருந்த முனகல் மெல்ல வெளியே வந்தது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து, நெற்றியில் கையோடு. பக்கத்து மேஜைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹேசல் ஜாடியை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இந்த முனகல் ஃப்ளவருக்கு வந்தது இல்லை, டெஸ்," என்றாள். "இத்தனை வருஷமா உனக்கு முனகினவ நான். எனக்கு வித்தியாசம் தெரியாதா?"