மூன்று பேர் வீட்டில் ஓர் ஓட்டு

சனத்நகர் தொழிற்சாலையில் யூனியன் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற சிவஞானம், வீட்டையும் யூனியன் மாதிரியே நடத்தினார். எதுவானாலும் மூன்று பேரும் கை தூக்கித்தான் முடிவு. முடிவான பிறகு தோற்றவர் முணுமுணுக்கக் கூடாது. மனைவி கல்பகம் ஆசைப்பட்ட பூஜை அலமாரி அப்படித்தான் வராமலே போனது. அதைத் தவிர வேறெதிலும் அவள் அவருக்கு எதிராகக் கை தூக்கியதில்லை.

அந்தச் சனிக்கிழமை தெருவில் தனித் தெலங்கானா கேட்டு ஊர்வலம் போனது. வாசலில் நின்று கைதட்டிவிட்டு வந்தவர், மகள் ஹம்ஸினியிடம் நேராக விஷயத்துக்கு வந்தார். தோழர் ராஜகோபாலின் மகன் அபிநவ் நாளை பெண் பார்க்க வருகிறான். ஜாதகம் கிடையாது, சீர் கிடையாது, யூனியன் ஹாலில் மாலை மாற்றினால் போதும்.

இன்று வாய் திறக்காவிட்டால் நாளை தேதி குறித்துவிடுவார்கள் என்று ஹம்ஸினிக்குத் தெரியும். “எனக்கு நக்கோப்பா, இந்தக் கல்யாணம் வேணாம்,” என்றாள்.

அவர் சிரித்தார். “யாரையாவது பிடிச்சிருக்கா? எந்த ஜாதி, எந்த மதம்னாலும் சொல்லு. மாலையை நானே எடுத்துத் தரேன்.”

“ஸ்மிதா.”

ஐடி வேலைக்காக ஹம்ஸினி எடுத்த கச்சிபௌலி ஃபிளாட்டில் அவளோடு தங்கியிருக்கும் ஸ்மிதா. போன தீபாவளிக்கு வந்து அவர் தட்டிலிருந்தே முறுக்கை எடுத்துத் தின்றவள். விளங்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் குரல் உயர்ந்தது. பணக்கார நாட்டுச் சீக்கு என்றார், ஐடி கம்பெனிகள் கொண்டுவந்து கொட்டிய குப்பை என்றார்.

“பேச்சு போதும். அபிநவ் வர்றதுக்கு ஆதரவா யாரு?”

அவர் கை மட்டும் உயர்ந்தது.

“எதிர்ப்பு?”

ஹம்ஸினியின் கை எழுந்தது. கூடவே, சமையலறை வாசலில் நின்ற கல்பகத்தின் கோதுமை மாவு ஒட்டிய கையும்.

“எதுக்குன்னு தெரிஞ்சுதான் தூக்கறியா?”

“இவ சொல்றது எனக்கு முழுசாப் புரியலைங்க. ஆனா அழுதுக்கிட்டே ஒருத்தனோட குடும்பம் நடத்த இவளை அனுப்பறதுக்கு நான் கை தூக்க மாட்டேன்.”

சிவஞானம் போனை எடுத்து, நாளை வரவேண்டாம் என்று ராஜகோபாலிடம் சொன்னார். அந்தப் பக்கம் காரணம் கேட்டிருக்க வேண்டும். “வீட்ல தீர்மானம் தோத்துப்போச்சு, தோழர்,” என்றார்.

மகளைப் பார்க்காமலே போனை வைத்தார். “அபிநவ் விஷயம்தான் முடிஞ்சுது. அந்தப் பொண்ணு விஷயத்துக்கு இன்னும் ஓட்டு நடக்கல.”

“நடத்துங்கப்பா,” என்றாள் ஹம்ஸினி. “அவளையும் வரச் சொல்றேன். அவளுக்கும் ஒரு ஓட்டு உண்டு.”