மஞ்சள் பட்டை

புதிய கோச் வம்சி கோயம்புத்தூர் ஜங்ஷனில் வந்து இறங்கிய முப்பத்தெட்டாவது மணி நேரத்தில் அஃப்தாப் அண்ணனின் கால்பந்து டீம் கேப்டன் பதவி போனது. சனிக்கிழமை மாலை வந்தார். திங்கட்கிழமை காலைப் பயிற்சியில் அண்ணன் கையிலிருந்த மஞ்சள் பட்டையைக் கழற்றி நிதீஷிடம் கொடுக்கச் சொன்னார்.

அண்ணன் கொடுத்துவிட்டு வந்தார். குளித்தார். பிறகு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"நிதா, அத்தாகிட்டச் சொல்லிப்போடாதே."

"பேப்பர்ல வருமுங்களே அண்ணே."

"அவரு எங்க பேப்பர் படிக்கறாரு?"

அத்தாவால் பேப்பர் படிக்க முடியாது. சர்க்கரையால் அவருக்கு விழித்திரை கெட்டு நான்கு வருடங்களாகிறது. நான் ஆப்டோமெட்ரி படித்துவிட்டு சரவணம்பட்டியில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அத்தாவின் கண்ணைப் பலமுறை நானே சோதித்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்களின் முகம் நிழலாகத் தெரியும். தூரத்தில் முகமே கிடையாது. ஆனால் இருட்டான நிறத்தின் மேல் பளிச்சென்ற மஞ்சள் இருந்தால், அது நகர்வதைப் பிடித்துவிடுவார்.

அதனால்தான் அந்தப் பட்டை. டிராஃபிக் போலீஸ்காரர்களின் மேல்சட்டைக்கு வரும் துணியில் அத்தாவே தைத்தது. உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்களுக்குப் பேக் ரிப்பேர் கடை. துணிகளை ஒவ்வொன்றாகத் தூரத்தில் பிடித்துக் காட்டி, அவருக்குத் தெரிந்த மஞ்சளைத் தேர்ந்தெடுத்தது நான். முக்கால் சாண் அகலம். மாவுக்கட்டு போட்ட கை மாதிரி இருக்கிறது என்று டீமில் கிண்டல் செய்வார்கள். நொய்யல் எஃப்சியின் சட்டை கருநீலம். பதினொரு பேரில் அத்தா தன் மகனை அடையாளம் காண்பது அந்தப் பட்டையை வைத்துத்தான். முன்வரிசையில், கம்பி வேலியை ஒட்டி உட்கார்ந்து, தொண்ணூறு நிமிடமும் பட்டை போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்புவார். நான் பக்கத்தில் இருப்பேன்.

"எத்தன நாளைக்குச் சொல்லாம இருக்கறதுங்க?" என்று கேட்டேன்.

"இந்த ஆளு எத்தன நாளைக்கு இருப்பாரு? ரெண்டு வருஷத்துல மூணு கோச் போயாச்சு. நாலு மேட்ச் தோத்தா இவரும் பொட்டியக் கட்டிருவாரு. பட்டை திரும்பி வந்துரும். நடுவால எதுக்கு அவரு மனசக் கெடுத்துட்டு?"

பட்டை போனதற்குக் காரணம் ஒரு கோல். முந்தைய மேட்சில் பந்து அண்ணனுக்கும் கோல்கீப்பர் மயில்சாமிக்கும் நடுவே மெதுவாக உருண்டு வந்தது. "நீங்க எடுங்க" என்றார் அண்ணன். "இல்லீங்க, நீங்க எடுங்க" என்றார் மயில்சாமி. எதிரணிக்காரன் எடுத்துக்கொண்டான். அந்த வீடியோவை வம்சி ரயிலிலேயே பார்த்துவிட்டாராம். மைதானத்துக்குள் யாரும் யாருக்கும் மரியாதை கொடுக்கக் கூடாது என்பதுதான் அவருடைய முதல் உத்தரவு. அதற்கு டீம் மொத்தமும் "சரிங்க" என்றதாம்.

நிதீஷுக்கு இருபத்திரண்டு வயது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பையன். வலது ஓரத்தில் விளையாடுபவன். அவன் ஓடினால் எதிரணி நின்று பார்க்கும்.

அடுத்த மேட்சில் அத்தா முதல் பத்து நிமிடத்திலேயே என் தோளைத் தட்டினார்.

"என்ன கண்ணு, இன்னைக்கு உங்கண்ணன் இந்த ஓட்டம் ஓடறான்? ஓரத்துக்கு மாத்திட்டாங்களா?"

"ஆமாங்கத்தா."

"புதுக் கோச்சு வெவரமான ஆளுதான். முப்பத்திமூணு வயசுல இவனுக்குள்ள இத்தன ஓட்டம் இருக்கறது பாரு, பழைய ஆளுக ஒருத்தனுக்கும் தெரியல."

அண்ணன் எங்களுக்கு நேர் எதிரே, தன் பழைய இடத்தில், வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார். பந்து வெளியே போகும்போதெல்லாம் ஒரு தடவை எங்கள் பக்கம் பார்த்தார். அத்தா அப்போது வலது மூலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாப்பிடும்போது அத்தா ஒவ்வொரு ஓட்டத்தையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"ரெண்டு பேரைத் தாண்டிப் போனியே, அப்ப மூச்சு வாங்கலையா?"

"கொஞ்சம் வாங்குச்சுங்கத்தா."

"அவனைத் திங்க விடுங்க" என்றார் அம்மா. "பந்தையும் தூக்கித் தட்டுல வெச்சுருவீங்க போல."

அம்மாவுக்குத் தெரியும். கடைவீதிக்கே தெரியும். கடையில் தையல் மிஷின் ஓட்டும் முஜீப் பாய்க்குத் தெரியும், டீக்கடையில் தெரியும். மகன் சொல்ல வேண்டியதை நாம் சொல்வதா என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அண்ணனோ டீம் தோற்பதற்காகக் காத்திருந்தார்.

டீம் தோற்கவில்லை. மூன்று மேட்ச் ஜெயித்தது. அண்ணன் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தார். அவரால் அப்படித்தான் முடியும். ஜெயித்துவிட்டு வந்து, ஷூவைக் கழற்றாமல் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். அவர் முழங்கைக்கு மேலே பட்டை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்தது. அதுவும் கறுக்கத் தொடங்கியிருந்தது.

நான்காவது மேட்சில் அண்ணன் கோல் அடித்தார்.

கார்னரில் இருந்து வந்த பந்து. எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு கோல். ஸ்டேடியம் எழுந்தது. அண்ணன் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. நேராக எங்கள் வேலியை நோக்கி ஓடி வந்து, இருபதடி தூரத்தில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

கார்னர் அடித்தது நிதீஷ். அவன் மைதானத்தின் மூலையில் குதித்துக்கொண்டிருந்தான். அத்தா எழுந்து நின்று, அந்த மூலையைப் பார்த்துக் கை தட்டினார்.

"யாரு கண்ணு அடிச்சது?"

அண்ணன் கைகளைத் தூக்கியபடியே இருந்தார். அவர் கழுத்தில் வியர்வை ஓடுவது எனக்குத் தெரிந்தது.

"டிஃபென்டர் ஒருத்தருங்க" என்றேன்.

"நல்ல முட்டு, சத்தம் கேட்டுச்சு. ஆனா பந்தைத் தூக்கிக் குடுத்தது பாரு, அவன்தான் என் மகன்."

அண்ணன் கைகளை இறக்கிவிட்டுத் திரும்பி ஓடினார்.

மறுநாள் காலை என்னை வேலைக்குக் கொண்டுபோய் விட வந்தார். காந்திபுரம் சிக்னலில் வண்டி நின்றபோது திரும்பாமலே கேட்டார்.

"நான் அடிச்சப்ப அத்தா கை தட்டினாரா?"

"தட்டினாருங்க."

"எந்தப் பக்கம் பாத்து?"

சிக்னல் விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

அந்த வாரம் பட்டைக்கே ஆபத்து வந்தது. நிதீஷுக்கு மெலிந்த கை. ஓடும்போது பட்டை முழங்கைக்கு இறங்கிவிடும், அவன் மேலே தள்ளிக்கொண்டே ஓடுவான். வம்சி பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்து, அடுத்த மேட்சிலிருந்து சாதாரண வெள்ளைப் பட்டை போதும் என்று சொல்லிவிட்டார். இரண்டு விரல் அகலத்தில் எல்லா டீமிலும் போடுவது.

"அதைப் போட்டா அத்தாவுக்குத் தெரியுமா?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார்.

"தெரியாதுங்க."

"ஒண்ணுமேவா?"

"பச்சையாத் தரை தெரியும். அதுமேல கறுப்பா ஏதோ நகரும். அவ்வளவுதான் அண்ணே."

இனி அத்தா மைதானத்துக்கு வரலாம், உட்காரலாம், கண்ணால் பின்தொடர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் இருந்தேன். அத்தா ஒரு ஸ்கூல் பேக்கின் ஜிப்பைத் தடவித் தடவி ரன்னரை ஏற்றிக்கொண்டிருந்தார். அதற்கு அவருக்குக் கண் வேண்டியதில்லை. முஜீப் பாய் மிஷினில் இருந்தார். அண்ணன் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து நிதீஷ் இறங்கி, கடைக்குள் வராமல் படியோரம் நின்றான்.

அண்ணன் பட்டையை அத்தாவின் மடியில் வைத்தார். அத்தா விரல் பட்டதுமே சிரித்தார்.

"இதுக்கு என்னாச்சு?"

"ஒன்றரை இஞ்சு புடிச்சுத் தரோணுங்கத்தா."

"எதுக்கு? கையக் குடு."

அண்ணன் கையைக் கொடுத்தார். அத்தா முழங்கைக்கு மேல் இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்துப் பார்த்தார்.

"நீ எங்க எளைச்சே? அப்படியேதான இருக்குது. இதுக்கு மேல புடிச்சா ரத்தம் கட்டிப்போயிரும். எவன் சொன்னான் உனக்கு?"

மிஷின் சத்தம் நின்றது. முஜீப் பாய் நூல்கண்டை எடுத்து அதில் நூல் நுனியைத் தேடத் தொடங்கினார்.

"வேண்டாங்ணா" என்றான் நிதீஷ் மெதுவாக. "நான் வெள்ளையே போட்டுக்கறனுங்க."

"யாரது?" என்றார் அத்தா.

"நிதீஷுங்க ஐயா. டீமுல வெளையாடறனுங்க."

"அட, உள்ள வா கண்ணு. ஏன் வெளிய நிக்கறே? இந்த வயசுல இவன் ஓடற ஓட்டத்துக்கு உங்களால ஈடு குடுக்க முடியுதா?"

நிதீஷ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தொங்கும் பேக்குகளைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

பிறகு அத்தாவின் பிடியிலிருந்து தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டு, நிதீஷின் கையைப் பிடித்து இழுத்து, அந்த இடத்தில் வைத்தார். அத்தாவின் விரல்கள் பழக்கத்தில் அதைச் சுற்றி மூடின. மூடியதும் நின்றன.

"இந்தக் கைக்கு அளவெடுங்கத்தா" என்றார் அண்ணன். "புதுக் கோச் வந்ததுல இருந்து கேப்டன் இவன்தானுங்க. இத்தன மேட்சா நீங்க பாத்துட்டு இருந்தது என்னையில்லீங்க."