விழுங்கிய பிழைகள்

அலுவலகச் சுவரில் இருந்த பெரிய திரையில் மென்பொருளின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அப்பகுதியில் அன்று எத்தனை பிழைகள் நேர்ந்தன என்பதை அக்கட்டம் காட்டும். முன்பதிவுப் பகுதியின் கட்டம் நான்கு மாதங்களாகப் பூஜ்யத்தை மட்டுமே காட்டியது. அதை எழுதியவள் சிவில் பொறியியல் படித்துவிட்டு மென்பொருளுக்கு வந்தவள். அலுவலகம் அவளைப் பூஜ்யம் என்றே அழைத்தது. வேறெங்கும் அச்சொல்லுக்கு அவ்வளவு மரியாதை இருந்திருக்காது.

அவளுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமை முடியவிருந்தது. அன்று அணித்தலைவர் அவளை நிரந்தரமாக்குவார், அல்லது அனுப்பிவிடுவார். அந்தக் கட்டம் அப்படியே இருக்கும்வரை இரண்டாவதற்கு இடமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள்.

புதன்கிழமை மதியம் அக்கா கூப்பிட்டாள். அக்காவுக்கு ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. தங்கையின் நிறுவனம் தந்த மென்பொருளில்தான் அவள் நோயாளிகளுக்கு நேரம் குறிப்பாள்.

"ஏண்டி, பச்சை வந்தா சேவ் ஆயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

"ஆமா. அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப இங்க ஒருத்தர் கன்னம் வீங்கி நின்னு என்னைத் திட்டிட்டிருக்காரே, அவர் பேர் எங்கடி போச்சு?"

"நீ பதிவே பண்ணிருக்க மாட்டே."

"பொறந்ததுலேர்ந்து எல்லாத்துக்கும் நான்தான் காரணம். நல்லவேளை, நீ கட்டடம் கட்டப் போகலை."

பதிவு செய்ததைச் செய்தபடியே சொல்லும்படி அக்காவிடம் கேட்டாள். தொலைபேசி எண்ணின் நடுவே அக்கா ஓர் இடம் விட்டிருந்தாள். தங்கை தன் கணினியிலும் அப்படியே உள்ளிட்டாள். 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையில் வந்தது. பட்டியலில் பெயர் இல்லை.

காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. இடைவெளியுள்ள எண்ணை மென்பொருள் ஏற்கவில்லை, அந்தப் பிழையோ வெளியே தெரியவில்லை. முதல் மாதத்தில், வாடிக்கையாளர் ஒருவருக்கு மென்பொருளை இயக்கிக் காட்டுகையில், திரையில் பிழையென்று சிவப்புப் பெட்டி தோன்றி அவள் மானத்தை வாங்கியிருந்தது. அன்று மாலையே இணையத்தில் நான்கு நிரல் வரிகளைக் கண்டெடுத்தாள். பிழை நேர்ந்தால் அவ்வரிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை என்ன செய்வது என்பதை எழுதுபவர் நிரப்ப வேண்டும். அவ்விடத்தை அவள் வெறுமையாக விட்டாள். சிவப்புப் பெட்டி அதன்பின் வரவில்லை. ஆகவே எழுதிய ஒவ்வொன்றையும் அவ்வரிகளுக்குள் வைத்தாள். மாடிப்படிக்குக் கைப்பிடி வைப்பதுபோல் அதை ஒழுங்கான வழக்கமென்றே கருதினாள். பிழைகள் நேர்ந்துகொண்டுதான் இருந்தன. சுவர்த்திரைக்கு அவற்றைச் சொல்வார் இல்லை. பச்சைச் செய்தியோ சேமிப்பு நடந்ததா என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. பொத்தானை அழுத்தினால் வந்தது.

எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொரு இடங்கள்.

பக்கத்து இருக்கைக்காரனிடம் மட்டும் சொன்னாள்.

"பைத்தியமா நீ? வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே. திங்கக்கிழமை சத்தமில்லாம மாத்திடு."

"அதுக்குள்ள இன்னும் எத்தனை பேர் கன்னம் வீங்கி நிப்பாங்க?"

"எத்தனை பேர்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுதான் பயமா இருக்கு."

அணித்தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவள் நீட்டிய நாற்பத்தொரு இடங்களின் பட்டியலைப் பார்த்து, "முதல்ல இதையெல்லாம் திருத்தி வெளியே விடு," என்றார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் திருத்திய பதிப்பு வெளியாயிற்று. இனிப் பிழை நேர்ந்தால் பச்சை வராது. சுவர்த்திரைக்கும் தகவல் போகும். மதிய உணவுக்கு முன் கட்டம் சிவப்பாகி அறுபத்துமூன்றைக் காட்டியது. மூன்று மணிக்கு நூற்றுப்பத்து.

"பூஜ்யத்துக்கு முன்னாடி பதினொண்ணு வந்து உக்காந்துடுச்சுடோய்!" என்றான் ஒருவன். அறை சிரித்தது. அவளும் சிரிக்க முயன்றாள், சரியாக வரவில்லை.

வெள்ளிக்கிழமை அணித்தலைவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இந்தப் பூஜ்யத்தைக் காட்டித்தான் நாலு மாசமா மத்தவங்களைத் திட்டினேன்."

"தெரியும் சார்."

"ஒரு பகுதியில ஒரு பிழைகூட வராதுன்னு நான் எப்படி நம்பினேன்?"

அக்கேள்வி தனக்கானதன்று என்று அவளுக்குப் புரிந்தது.

"நீயாவே கண்டுபிடிச்சியா?"

"இல்லை சார். அக்கா."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். "இப்ப நிரந்தரம் பண்ண முடியாதும்மா. நான் கையெழுத்துப் போட்டாலும் மேலே கேள்வி வரும். மூணு மாசம் நீட்டிக்கிறேன். முப்பத்தெட்டு மருத்துவமனை இதைப் பயன்படுத்துது. எல்லாத்துக்கும் நீயே ஃபோன் பண்ணி, நடந்ததைச் சொல்லி, என்னென்ன தொலைஞ்சதுன்னு கேட்டு எழுது."

"சரி சார்."

வெளியே வந்து இருக்கையில் உட்கார்ந்து மருத்துவமனைகளின் பட்டியலைப் பிரித்தாள். முதல் இரண்டு இடங்களில் பரவாயில்லை என்றார்கள். மூன்றாமிடத்தில் எடுக்கவில்லை. நான்காவது ஒரு குழந்தைகள் மருத்துவமனை. எடுத்தவர் அதன் மேலாளர். அவள் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

"ரெண்டு மாசம் முன்னாடியே நாங்க மெயில் போட்டோம். 'எங்க பக்கம் பிழை எதுவும் பதிவாகலை, உங்க ஆளுங்கதான் சரியா டைப் பண்ணலை'ன்னு உங்க ஆபீஸ்லேர்ந்து பதில் வந்துது. யார் அந்தப் புண்ணியவான்?"

"அந்தப் பதிலை எழுதினது நான்தாங்க."

மறுமுனையில் எங்கோ ஒரு குழந்தை அழுவது கேட்டது.

"சரி," என்றார் மேலாளர். "பேனா இருக்கா? எழுதிக்குங்க."