நான்காம் தெருவில் காய்ந்த மக்காச்சோளம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் வசந்தம் கார்டன் என்று பெரிய ஆர்ச் ஒன்று நிற்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த ஆர்ச்சைத் தவிர அங்கே சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. பின்னால் மக்காச்சோளத் தட்டையும் நடுநடுவே மஞ்சள் பூசிய மனைக்கற்களும்தான். இன்றைக்குப் போனால் இடம் அடையாளம் தெரியாது. சிமெண்ட் ஆலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், வாத்தியார்கள், லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து துபாய் சம்பாத்தியத்தில் மாடிக்கு மேல் மாடி எழுப்பியவர்கள் என்று எல்லாரும் கலந்துகட்டி இருக்கிறார்கள். வரைபடத்தில் பூங்கா என்று போட்ட இடத்தில் சீமைக்கருவேலம் செழித்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாவிட்டாலும் வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கம் மட்டும் தவறாது. இதையெல்லாம் ஊர் என்று சொல்லலாமா என்று கேட்டால், சங்கம் இருக்கிறது, சண்டை இருக்கிறது, அப்புறம் என்ன வேண்டும்?

இந்தத் தை மாதத்துச் சண்டைக்குப் பெயர் வீராயி.

இந்த நகர் போட வாங்கிய நிலத்தில் மூன்று ஏக்கர் அவளுடையது. விற்றது போக மிச்சமிருந்த ஒன்றரை ஏக்கரில் இன்னும் மக்காச்சோளம் போடுகிறாள். அறுத்து, மெஷினில் அடித்து, மணியைக் காயவைக்க வேண்டுமே, அதற்கென்று இருந்த அவர்கள் ஊர்க் களம்தான் பூங்காவாகிவிட்டது. எனவே நகரின் நான்காம் தெருவில், போன ஆடியில் போட்ட புத்தம்புதுத் தார்ச்சாலையில், பாதி அகலத்துக்குச் சோளத்தைப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்க ஓரமாகக் கல் அடுக்கிவிடுவாள். அந்தப் பக்கமெல்லாம் தார் ரோடு கண்ட இடத்தில் இப்படித்தான் காய்கிறது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

ஆனால் சோளத்தை அள்ளியவள் ஒருநாள் கல்லை அள்ளாமல் போய்விட்டாள். இருட்டில் ஆலையிலிருந்து வந்த கலைவாணனின் பைக் அதில் ஏறி, சிதறிக் கிடந்த மணியில் வழுக்கி, அவன் வலது கை இரண்டாக முறிந்தது. கலைவாணனின் மனைவி ஹேமலதா, நகர்ச் சங்கத்தின் செயலாளர். வாய்க்கும் கோபத்துக்கும் குறைவில்லாதவள்.

"களத்துல பார்க்குன்னு போர்டு வெச்சிட்டீங்க. நான் என்ன என் தலையிலயா காயவப்பேன்?" என்று வீராயி திருப்பிக் கேட்டாள். கை முறிந்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அதில்தான் ஹேமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வெள்ளிக்கிழமை சங்கத் தலைவர் ராஜராஜன், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், டிராக்டர் கொண்டுவந்து சோளத்தை ஓரம் கட்டப் பார்த்தார். வீராயி தலைவிரிகோலமாகக் கத்திக்கொண்டு வந்து சோளத்தின் மேல் மல்லாந்து படுத்துவிட்டாள். மனிதர் வெலவெலத்துப்போய் டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஹேமலதா அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"அவ படுத்தா படுத்துட்டுப் போறா சார். எல்லாம் நாடகம். அடுத்த தடவை டிரைவர்கிட்ட சொல்லிடுங்க, என்ன கத்துனாலும் நிறுத்தக் கூடாது. பக்கத்துல வந்தா தானா எழுந்து ஓடுவா."

அந்த அடுத்த தடவை இன்றைக்கு மதியம் வந்தது.

இரண்டாம் தெருவில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபியை ராஜராஜன் பேசி அழைத்து வந்திருந்தார். தை மாதத்தில் மழை வருமா என்று கேட்கிற மாதிரி மேற்கே வானம் கருத்திருந்தது. காற்று நின்றுபோய்ப் புழுங்கியது. வீராயி காலையில் பரப்பிய சோளத்தை அவசரமாகக் கூட்டிக் குவித்து, தார்ப்பாய் மூடிவிட்டு எங்கேயோ போயிருந்தாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து வேலை முடியப்போகிறதே என்று ஹேமலதாவுக்கு ஒரே திருப்தி. ஜேசிபியின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் மகளை எழுப்பிக் காட்டலாம் என்று உள்ளே போனாள். நான்கு வயது சிந்துவுக்கு ஜேசிபி என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

கட்டிலில் சிந்து இல்லை.

பாத்ரூமில் இல்லை. மாடியில் இல்லை. கொல்லைப்பக்கக் கதவு தாழ் திறந்து கிடந்தது. "சிந்து! ஏய் சிந்து!" கூப்பிட்ட குரலில் முதலில் அதட்டல் இருந்தது. இரண்டாம் தடவை இல்லை. பின்னால் திறந்த கிணறு ஒன்று இன்னும் மூடாமல் கிடக்கிறது, அது நினைவுக்கு வந்ததும் கால் தன்னால் ஓடியது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். பாசியும் ஒரு பிளாஸ்டிக் குடமும் மிதந்தன. தண்ணீர் அசையவில்லை. அசையாத தண்ணீரைப் பார்த்து நிம்மதிப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் தெருவுக்கு ஓடிவந்தாள்.

தெருக்கோடி வீட்டு கேட்டில் குல்சும் நின்றிருந்தாள். புருஷன் மீரான் துபாயில், இவள் இங்கே கட்டிய வீட்டுக்குக் காவல் மாதிரி.

"குல்சும், சிந்துவைப் பாத்தீங்களா?"

"இல்லையே. அந்த சோளக்காரம்மாகிட்ட இருக்குமே?"

"அவகிட்ட ஏன் இருக்கப் போறா?"

குல்சும் கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்குத் தெரியும்னுல நெனச்சேன். நீங்க மதியம் தூங்குறப்ப தெனமும் அங்கதான ஓடும். அந்தம்மா கயித்துக் கட்டிலச் சாச்சு, மேல தார்ப்பாயப் போட்டு, கூடாரமாட்டம் வெச்சிருக்கும். சோளத்துக்குக் காத்து போவணும்ல. அதுக்குள்ளதான் வெளையாடும். தூங்கிக்கூடப் போயிடும்."

ஹேமலதா தெருவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கோடியில் ஜேசிபி முதல் குவியலைத் தள்ளி ஓரங்கட்டியிருந்தது. அடுத்தது, தார்ப்பாய் போர்த்திய பெரிய குவியல். அதன் பக்கவாட்டில் கட்டில் கால் ஒன்று துருத்திக்கொண்டு தெரிந்தது.

அப்போதுதான் வீராயி வந்தாள். தலையில் இன்னொரு தார்ப்பாயைச் சுமந்துகொண்டு பூங்காப் பக்கமிருந்து வந்தவள், ஜேசிபியைப் பார்த்ததும் பாயை வீசி எறிந்துவிட்டு ஓடினாள். கையை ஆட்டிக் கத்தினாள். ஓடிவந்த வேகத்தில் கட்டிலுக்கும் ஜேசிபிக்கும் நடுவே போய் விழுந்து, இரண்டு கையையும் விரித்துப் படுத்துக்கொண்டாள். போன வெள்ளிக்கிழமை படுத்தது போலவேதான் படுத்தாள்.

ராஜராஜன் ஓரமாக நின்று, பிற்பாடு ஆதாரம் வேண்டுமே என்று, செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். டிரைவரைப் பார்த்து இடது கையால் "வா, வா" என்று சைகை காட்டினார். ஹேமலதா சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்தார்.

"நிறுத்துங்க!" என்று ஹேமலதா கத்தினாள். நீளத் தெரு அது. ஜேசிபியின் உறுமலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஓடிக்கொண்டே ராஜராஜனுக்கு போன் போட்டாள். தூரத்தில் அவர் போனைப் பார்ப்பது தெரிந்தது. வீடியோ கெட்டுவிடும் என்று கட் செய்தார். மறுபடி போட்டாள். மறுபடி கட் செய்தார்.

வீராயி படுத்தபடியே பின்னாலிருந்த தார்ப்பாயைப் படபடவென்று அடித்துக் காட்டினாள். தன் சோளத்தைக் காட்டி ஒப்பாரி வைக்கிறாள் என்றுதான் எவனுக்கும் தோன்றும். டிரைவருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஜேசிபியின் முன்பக்க வாளியைக் கொஞ்சம் தாழ்த்தி, மெல்ல மெல்ல முன்னால் விட்டான். பயந்து எழுந்துவிடுவாள் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஹேமலதா ஓடினாள். முதல் குவியலைத் தள்ளிய இடமெல்லாம் மணி சிதறிக் கிடந்தது. அதில் கால் வைத்ததும் தரை அப்படியே நழுவியது. முழங்காலும் முகவாயும் தாரில் மோதின. போன் எங்கேயோ போயிற்று. எழுந்தாள், மறுபடி வழுக்கியது. எழுந்து நடக்க முடியாது என்று தெரிந்ததும் கையை ஊன்றித் தவழ்ந்தே போனாள். உள்ளங்கையில் மணி குத்தியது. கடவுளே, கடவுளே என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை. வாளியின் பல் வீராயியின் பாதத்துக்கு ஒரு முழத்தில் இருக்கும்போது, அவளைத் தாண்டிப் போக நேரமில்லாமல், அவள் பக்கத்திலேயே குறுக்கே விழுந்தாள்.

"மேடம்!" ராஜராஜன் போனைக் கீழே இறக்கினார். "என்ன மேடம் இது, நீங்களுமா?"

செயலாளரே வந்து படுத்ததைப் பார்த்து டிரைவர் குழம்பிப்போய் எஞ்சினை அணைத்தான்.

தெருவில் சத்தம் நின்றது. அந்த அமைதியில் வீராயியின் குரல் கேட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குரல்.

"உள்ள புள்ள தூங்குதுடா பாவிங்களா… உள்ள புள்ள தூங்குது…"

ராஜராஜன் முகம் வெளிறிப்போனது. ஹேமலதா தார்ப்பாயைப் பிடித்து இழுத்தாள். கல் வைத்துக் கட்டியிருந்த முனை வரவில்லை. வீராயி எழுந்து உட்கார்ந்து ஒரே உதறு உதறினாள். சாய்ந்த கட்டிலுக்கும் சோளத்துக்கும் நடுவே, மணிச்சூட்டில் வியர்த்துப்போய், ஒரு காலில் மட்டும் செருப்புடன் சிந்து படுத்திருந்தாள். வெளிச்சம் பட்டதும் முகத்தைச் சுளித்தாள். அம்மாவைப் பார்த்தாள், அம்மாவுக்குப் பின்னால் நின்ற மஞ்சள் நிற வாளியைப் பார்த்தாள்.

"ஐ, ஜேசிபி!"

ஹேமலதா குழந்தையை வாரி எடுத்தாள். அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, விழுங்கிவிட வேண்டும் போலவும் இருந்தது. எதுவும் செய்யாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அசந்து தூங்குச்சு. எழுப்ப மனசு வரல" என்று வீராயி யாரையும் பார்க்காமல் சொன்னாள். "இந்நேரத்துக்கு வண்டி ஒண்ணும் வராதுன்னு, பாய் எடுத்தார ஓடுனேன். வுட்டுட்டுப் போயிருக்கக் கூடாது. என் புத்திய செருப்பால அடிக்கணும்."

முதல் துளி அப்போது விழுந்தது. ஒவ்வொன்றும் காசு அகலத்துக்கு விழுந்தது. வீராயி அண்ணாந்து பார்த்தாள். தள்ளிவிட்ட முதல் குவியல் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. பெரிய குவியலை மூடியிருந்த பாயை இவர்களே உருவியாயிற்று. இன்னொரு பாய் தெருக்கோடியில் கிடந்தது. ஒருமுறை நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், அதன்பின் கோழித் தீவனத்துக்குக்கூட எவனும் எடுக்க மாட்டான். ஆறு மாதப் பாடு அது. அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முந்தானையை விரித்துச் சோளத்தை வாரிக் கட்ட ஆரம்பித்தாள், அந்தக் குவியலுக்கு ஒரு முந்தானை எந்த மூலைக்கு?

"மேடம், டிரைவர் கேக்குறான், இப்ப என்ன பண்றதுன்னு" என்றார் ராஜராஜன். போனைச் சட்டைப்பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

ஹேமலதா தன் வீட்டு கேட்டின் இரண்டு கதவையும் போய்த் திறந்தாள். கலைவாணனின் பைக் மட்டும் நிற்கிற அகலமான போர்ட்டிகோ.

"அள்ளி இங்க கொட்டச் சொல்லுங்க சார். சீக்கிரம்!"

தள்ள வந்த ஜேசிபி அள்ளியது. குல்சும் ஓடிவந்து துடைப்பத்தால் கூட்டிக் கொடுத்தாள். ராஜராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், ஓரத்துக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டார். ஹேமலதா குழந்தையை இடுப்பை விட்டு இறக்காமல் ஒற்றைக் கையாலேயே வாரினாள். பெரிய குவியலில் முக்கால்வாசி உள்ளே வந்தது. மிச்சம் மழைநீர் வடிகாலில் மஞ்சளாக ஓடியது. அதை வீராயி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உள்ள வாங்க, நனையுறீங்க" என்றாள் ஹேமலதா. அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"புள்ளையத் தொவட்டு மொதல்ல. தலைல ஈரம்" என்றாள் வீராயி. பிறகு போர்ட்டிகோப் படியில் உட்கார்ந்து, நனைந்த முந்தானையைப் பிழிந்தாள்.

கலைவாணன் ஆலை பஸ்ஸில் வந்து இறங்கி, கட்டுப்போட்ட கைக்கு மேல் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு வந்தபோது மழை விட்டிருந்தது. வீராயி போய்விட்டிருந்தாள். கேட்டிலேயே நின்றுவிட்டான். அவன் பைக், சீட் வரைக்கும் மக்காச்சோளத்தில் புதைந்திருந்தது.

"ரோட்டுலகூட இருக்கக் கூடாதுன்ன" என்று சிரித்தான். "இப்ப வூட்டுக்குள்ளயே கொட்டி வெச்சிருக்க? யார் வேல இது?"

ஹேமலதா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முகவாயில் காய்ந்த ரத்தம் இழுத்தது.

சிந்து முந்திக்கொண்டாள். "அப்பா, நான் சோளத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். அம்மாவுக்குக் கண்டுபிடிக்கவே தெரியல. அந்த ஆயாவுக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது."

கலைவாணன் சிரித்தபடியே மனைவியைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. ஹேமலதா அந்தச் சோளக் குவியலின் மேலேயே உட்கார்ந்து, குழந்தையின் செருப்பில்லாத காலைக் கைக்குள் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.